மகளுக்கு எடுத்த வீடியோ

பாலக்காட்டு கார் சர்வீஸ் சென்டரில், பெரிய ஆம்பளை வாட்ச் கட்டிய எருத்தேன்பதி என்ற தமிழ் பேசும் எல்லைக் கிராமத்து அம்மா ஒருவரும் என்னைப்போலவே தன் காருக்காகக் காத்திருந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் வீடியோ எடுத்து, வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு அனுப்பியபடியே இருந்தார். எனக்கோ எரிச்சல்.

மாலையில் என் கார் பம்பர் உடைந்து வந்தது.

"கொண்டு வரும்போதே உடைஞ்சிருந்தது சாரே" என்று மேனேஜர் சாதித்தார். நான் கத்தினேன். அந்த அம்மா நடுவில் புகுந்து போனை நீட்டினார்.

"ஏனுங்க, காலைல இங்கதான் எடுத்தனுங்க. இவரு வண்டி நம்பரப் பாருங்க, பம்பரப் பாருங்க. ஒரு கீறல் இருக்குதுங்களா?"

மேனேஜர் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். புது பம்பர் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. நன்றி சொல்லத் திரும்பினால், போன் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"கண்ணு, காலைல உர்ருன்னு ஒருத்தரு உக்காந்திருந்தாருன்னு காட்டுனனல்ல? இப்பப் பாரு, சிரிக்கிறாரு!"