இஞ்சினை அணைத்துவிட்டுப் பெண் பார்க்கப் போனோம்

பெட்ரோல் விலை ஏறப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று, ஈப்போவில் கார் வைத்திருந்த எல்லோரும் எண்ணெய் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்று டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் அதோடு முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அப்பா போகவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பத்திரிகையில் வந்திருந்த பத்து யோசனைகளை வெட்டியெடுத்துக் காருக்குள் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் அந்தப் பத்தையும் மதித்து மனப்பாடம் செய்தவள் நான் ஒருத்திதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கத் தாப்பா என்ற ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். வீடு வீடாகப் போய் ஏர்கான் பழுது பார்க்கும் வேலை. நல்ல மனிதர், ஆனால் பெண் எதிரே வந்தால் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். ஏற்கெனவே இரண்டு இடங்கள் அப்படியே தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று வாய்விட்டே கேட்டிருந்தார்கள். இதுவும் கூடிவரவில்லை என்றால் இனி எங்கேயும் வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

பேச்சுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அம்மா தன் அண்ணனையும் அழைத்திருந்தார். மாமா நல்ல பேச்சுக்காரர். உடம்பும் அதற்கேற்ற உடம்பு. காலையில் வந்தவர் காபி குடிக்கச் சமையலறைக்குள் போனார். அங்கே அரிசி டின்னுக்குப் பக்கத்தில் காரின் மாற்று டயர் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

"மச்சான், இது ஏன் இங்க இருக்கு?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "வண்டியில பாரம் கூடுனா எண்ணெய் கூடக் குடிக்கும் மச்சான். நீங்க வர்றீங்கல்ல, அதான் எறக்கி வச்சிட்டேன்."

மாமா காபியைக் கீழே வைத்தார். "அப்ப நான் ஒரு டயரு. அப்படித்தானே?"

அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். மாமா கேட்கவில்லை. நான் பஸ்ஸில் வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் நால்வரும் பழைய சாலையில் புறப்பட்டோம். ஏர்கான் போடக் கூடாது, அது மூன்றாவது யோசனை. கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும், அது நான்காவது. இரண்டையும் அப்பா ஒரே நேரத்தில் கடைப்பிடித்தார். கோப்பேங்கைத் தாண்டுவதற்குள் அம்மாவின் மல்லிகை துவண்டு, சித்தப்பாவின் முகப்பவுடர் கோடு கோடாக வழிய ஆரம்பித்தது. ஊரெல்லாம் ஏர்கானைச் சரிசெய்து கொடுக்கிறவர், முன்னால் இருந்த அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேகம் அறுபதைத் தாண்டாது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. கம்பார் பக்கம், மோட்டார் சைக்கிளில் சமையல் கேஸ் சிலிண்டர்த் தோம்பு ஏற்றிப் போன ஒரு சீனக் கிழவரும் எங்களை முந்தி, திரும்பி வேறு பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் மிதிங்கலா. அந்தச் சீன அப்பே கூடப் போயிட்டாரு," என்றார் சித்தப்பா.

"அவரு எண்ணெய், அவரு மிதிக்கிறாரு," என்றார் அப்பா.

பெண் வீடு தாப்பாவுக்கு வெளியே. முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனையாகிவிட்ட இடத்தின் ஓரம், வரிசை வீடுகள். ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வீடு வந்துவிடும். மேட்டின் உச்சிக்கு வந்ததும் அப்பா சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். அந்தப் பத்தில் இது இல்லை, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். ஆனால் பெண் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால் சாலையின் குறுக்கே வேகத்தடையாக ஒரு மேடு போட்டு வைத்திருந்தார்கள். முன்சக்கரம் அதில் முட்டி, கார் நின்றுவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் அம்மா.

"மூணு வீட்டுக்கா?" என்று கேட்ட அப்பா, இறங்கிவிட்டார். "நீ ஸ்டியரிங்கப் பிடி. தம்பி, எறங்கு. தள்ளலாம்."

புதுச்சட்டைக் கையை மடித்துக்கொண்டு சித்தப்பா தள்ளினார். நானும் கை வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், பெண் வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்றது. நடுவில் நாற்காலி போட்டு மாமா, கையில் வடையோடு. பஸ் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டதாம். டயர் கதையை அவர் அதற்குள் எத்தனை முறை சொல்லியிருந்தாரோ தெரியாது.

கூட்டத்திலிருந்து ஒரு அக்கா தண்ணீர்ச் செம்போடு நேராக வாசல் கேட்டுக்கு வந்தார். அவர்தான் பெண் என்று அம்மாவின் முகம் போன போக்கிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"எண்ணெ முடிஞ்சிருச்சா?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தரையைப் பார்க்க நேரமில்லை. "இல்லலா. ஃபுல் டேங்க்கு," என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தவர், செம்பிலிருந்த தண்ணீர் பாதி சிந்தும்வரை நிறுத்தவில்லை. சித்தப்பாவும் சிரித்தார். மாமா வடையை மென்றபடி தலையாட்டினார். பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர். அவர் எங்கள் காருக்குள் தலையை விட்டு அந்தப் பத்து யோசனைகளையும் படித்துவிட்டு, நான்காவதைப் பற்றி அப்பாவோடு வாதாடப் போய்விட்டார். அவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதற்குள் சித்தப்பா செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, அந்த வீட்டு ஏர்கான் ஏன் சத்தம் போடுகிறது என்று அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சித்தப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாப்பா பக்கம் போய், இரண்டு கிலோ கொய்யாப்பழம் வாங்கி வந்தார். பெட்ரோல் விலையோ இறங்கவே இல்லை. நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாவது வாரம், மாமாவும் வந்திருக்க எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ஈப்போ மார்க்கெட்டிலேயே அதே கொய்யா கிடைக்கிறது, அதற்காக யாராவது இத்தனை மைல் எண்ணெயை எரிப்பார்களா என்று கேட்டுவிட்டேன்.

அம்மாவுக்குப் புரையேறியது. மாமா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பாவாவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். அவர் சித்தப்பாவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, "நீ போயிட்டு வாப்பா," என்றார். என் கணக்கில் எங்கே பிசகு என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.