இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டவள்

என் விசிட்டிங் கார்டில் மூன்று வேலைகள் அச்சாகியிருக்கின்றன: எழுத்தாளர், பாட்காஸ்டர், ஆன்மீக வாழ்க்கைப் பயிற்சியாளர். "வீட்ல மூணு பேரு குடியிருக்காங்க, குழம்பு வைக்கத்தான் ஆள் இல்லை" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசியாக உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு. படிவத்தில் எழுதாததையெல்லாம் என்னிடம் சொல்லி அழுவார்கள். அங்கேதான் எனக்கு அடுத்தவர் கதையைக் கேட்கிற இந்தப் பைத்தியம் பிடித்தது. முதலில் எழுதினேன், புத்தகமானது. பிறகு நூம்பலில் எங்கள் பிளாட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினேன், பாட்காஸ்ட் ஆனது. கேட்டவர்கள் தங்கள் கதையைச் சொல்ல வந்தார்கள், பயிற்சியாளராகிவிட்டேன். தியானம், மூச்சுப் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம் கற்றுக்கொண்டவை.

என்னிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை நேரில் பேசுவார்கள். நடுவில் தோன்றுவதை வாய்ஸ் நோட்டாக அனுப்பலாம், நான் கேட்டுப் பதில் சொல்வேன். ஐந்து பேர் இருந்தபோது கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டேன். ஆட்கள் கூடக் கூட நேரம் பத்தவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் குரல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்று தெரிந்த அன்று எனக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. முருங்கைக்காய் நறுக்கி முடிப்பதற்குள் நாலு பேருடைய துக்கத்தைக் கேட்டு முடித்துவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. தப்பு என்று தெரிந்துதான் செய்தேன்.

அப்போது அண்ணனூரிலிருந்து ஒருத்தி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. புருஷன் இன்னொருத்தியோடு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது திரும்பி வருகிறேன் என்கிறான். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் அவள் கேள்வி. பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று, ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் பேசி அனுப்புவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பது நிமிஷ நோட்டு வந்தது. வழக்கம்போல ஓட்டினேன். குரல் படபடவென்று தெம்பாக இருந்தது, நடுவில் சிரிப்புகூடக் கேட்டது. "அவர வரச் சொல்லிடலாம்னு கீறேன்க்கா" என்று முடித்திருந்தாள். நான் உடனே பதில் அனுப்பினேன். "உன் குரல்லயே தெளிவு தெரியுதும்மா. மனசு சொல்றதை நம்பு." மறுநாள் அவளிடமிருந்து வந்தது: "நீங்க சொன்னப்பொறம்தான்க்கா தைரியம் வந்திச்சி. ஞாயித்துக்கெழம வரச் சொல்ட்டேன்."

பூரித்துப்போனேன். அவள் கதையை அடையாளம் தெரியாமல் மாற்றிப் பாட்காஸ்டில் சொல்லட்டுமா என்று கேட்டேன், சரி என்றாள். அவள் சொன்ன விதத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை அந்த நோட்டைச் சாதாரண வேகத்தில் போட்டேன்.

இரண்டாவது நிமிஷத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தெம்பு எதுவும் அந்தக் குரலில் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. நான் சிரிப்பு என்று நினைத்தது விம்மல். கடைசி வரிக்கு முன்னால் செருப்புச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. தெருவில் அப்படியே நின்று அழுதிருக்கிறாள். அதற்கப்புறம் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள், ஆனால் தோற்றுப்போனவள் சொல்கிற மாதிரி சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் திருவேற்காடு வழியாக ஆட்டோ பிடித்து அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். ரயிலை விட்டு இறங்கி வந்தவள் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம் வந்துகீறீங்க?"

"உன் நோட்டை நான் ஓட்டிக் கேட்டேன்ம்மா, ரெண்டு மடங்கு வேகத்துல. நீ அழுதது எனக்குத் தெரியவே இல்லை. நீ தெளிவா இருக்கேன்னு நான் சொன்னது தப்பு."

சாப்பாட்டுப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"எல்லா நோட்டுமேவா?"

"ரொம்ப நாளா அப்படித்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அவரும் அப்டிதான்க்கா. நான் வாயத் தொறந்தாலே, சீக்கிரம் சொல்லி முடின்னுவாரு. நீங்களாவது நிதானமா கேக்குறீங்கன்னுதான் உங்களாண்ட வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தனை பேருக்கு ஆறுதல் சொன்ன வாய், ஒரு மன்னிப்பைக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை. அவள் போனை எடுத்து என் எதிரிலேயே அவனைக் கூப்பிட்டாள்.

"நாளிக்கு வராத. நான் இன்னும் முடிவு பண்ணல." அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டான். அவன் கத்தி முடிக்கும்வரை இவள் காத்திருந்தாள். "எனக்குப் பேச வேண்டியது நெறைய கீது. குந்திக் கேக்கறதா இருந்தா சொல்லு, அப்பால பாக்கலாம்." வைத்துவிட்டு, "வரேன்க்கா" என்று நடக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஆட்களைக் குறைத்துக்கொண்டேன், அந்தப் பட்டனைத் தொடுவதில்லை. அவள் என்னை வெறுத்துவிடவில்லை. அவன் உட்கார்ந்து கேட்க இன்னும் வரவில்லை என்றும், பெரியவள் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாள் என்றும் செய்தி அனுப்பினாள். பொங்கலுக்கு வாழ்த்துகூட வந்தது. எல்லாமே டைப் செய்துதான் வருகின்றன. அவள் குரலை அவள் எனக்கு அனுப்புவதில்லை.