கொதிக்காமல் மேடேறிய வேன்

எங்கள் வேனுக்குள் இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்கம் பலகை அடித்து மெத்தை போட்டு, அடியில் துணிமூட்டைகளை அடுக்கியிருந்தோம். மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளில் சேலை, கைலி, சட்டைத்துணி எல்லாம் மொத்தமாக எடுத்து, ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் விற்பது எங்கள் பிழைப்பு. சம்பள நாளை ஒட்டிப் போனால் நாலைந்து நாள் வீடு திரும்ப முடியாது. சமையல், தூக்கம் எல்லாம் வேனில்தான்.

வேன், மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வருவதற்கு முந்தியது. மேடு கண்டால் ரேடியேட்டர் கொதித்துவிடும். சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து, ஆவி அடங்கி, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கிளம்பலாம். அதுவரை நான் வேனைச் சுற்றிச் சுற்றி வருவேன். என் மனைவிக்கு அது ஓய்வு நேரம். ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் போடுவாள்.

அவள் காஜா பேராங்கில், தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிமாரின் கம்போங் செட்டியில் பிறந்தவள். வீட்டில் மலாய்தான். தமிழை என்னிடமும் தோட்டத்துப் பெண்களிடமும் பேசிப் பேசியே பிடித்துக்கொண்டாள். புருஷனை நீ என்று சொல்லாதே என்று அந்தப் பெண்கள் சொல்லிக்கொடுத்தும் மாற்றிக்கொள்ளவில்லை. மலாய்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவது போல என்னை அபாங் என்பாள்.

“வண்டியும் கொதிக்குது, நீயும் கொதிக்கிறே. ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தண்ணி ஊத்தவா, அபாங்?”

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் வியாபாரம் நன்றாக இருந்தது. கொடி தைக்கச் சிவப்பும் வெள்ளையும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அந்த வருஷம்தான் அவளுக்குக் கால் வீங்கியது. அடுப்படிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. மலாக்கா ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறு என்றார். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, சொல்லி வைக்கிறேன் என்று நாளும் குறித்தார். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ரயிலில் அவ்வளவு தூரம் உட்கார அவளால் முடியாது. மல்லாந்து படுத்தாலும் மூச்சு முட்டும். முதுகுக்குத் துணிமூட்டை கொடுத்துச் சாய்ந்தபடி வர வேன்தான் சரி. ஆனால் சிரம்பானைத் தாண்டினால் மந்தின் மலை. வளைந்து வளைந்து ஏறும் பாதை. அங்கே கொதித்து நின்றால், உச்சி வெயிலில் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

வேனில் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் காற்றாடிக்கு இரண்டே இறக்கை. பழைய சாமான் கடைச் சீன முதலாளி, தவுக்கேயிடம் போய் நின்றேன். ராணுவ லாரியிலிருந்து கழற்றிய ஆறு இறக்கைக் காற்றாடியை எடுத்துப் போட்டார். அண்ணே என்பது அவர் வாயில் அனே.

“அனே, இதை மாட்டினா உன் வேன் பறக்கும். பெண்டாட்டியைக் கட்டிப்போட்டு வை.”

“பறக்க வேணாம் தவுக்கே. மந்தின் ஏறினா போதும்.”

மாமியார் வீட்டு மாமரத்தடியில் வேனை நிறுத்தி, ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே இறக்கினேன். எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்து ஆரம்ப வகுப்புகளோடு சரி. வேன் வேலையும் கழற்றிக் கழற்றி மாட்டிக் கற்றதுதான். புதுக் காற்றாடியின் ஓட்டைகள் பொருந்தவில்லை. அரத்தால் ராவி அகலமாக்கினேன். மாட்டிப் பார்த்தால் இறக்கை நுனி ரேடியேட்டரில் இடிக்கும் போலிருந்தது. ரேடியேட்டரை விரல் அகலம் முன்னால் தள்ளிப் பொருத்தினேன். காற்று பக்கவாட்டில் ஓடிவிடாமல் இருக்க, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் சுற்றிலும் வளையமாக அடித்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து முறுக்கினேன்.

அவள் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு இறக்கை எதுக்கு? ரெண்டு எனக்குக் குடு. நாலை நீ வெச்சுக்க.”

“சும்மா இரு. பேசினா மூச்சு வாங்கும்.”

“பேசாட்டியும் வாங்குது.”

இஞ்சினை ஓடவிட்டு, பழைய செய்தித்தாள் ஒன்றை ரேடியேட்டர் முன்னால் பிடித்தேன். கையை எடுத்த பிறகும் தாள் விழவில்லை. காற்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனால் சத்தம் அரிசி மில் மாதிரி. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. இஞ்சினை நிறுத்திய பிறகு மறுபடி சொன்னாள். “நல்லதாப் போச்சு. வழியெல்லாம் உன் புலம்பல் எனக்குக் கேக்காது.”

குறித்த நாளில் விடிந்ததும் கிளம்பினோம். பேச முடியாததால் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் புருவத்தைத் தூக்கினால் அவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அலோர் காஜா மேட்டில் மூடியிலிருந்து ஆவி வரவில்லை. தம்பின் சந்தியில் கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. அவள் பலகையைத் தட்டி, கையை வெளியே நீட்டி எதையோ காட்டினாள். முகத்தில் சிரிப்பு. நான் கண்ணாடியில் பார்த்து, திரும்பி வரும்போது என்று கையால் சுற்றிக் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள்.

மந்தின் மலையில் வேன் முனகிக்கொண்டே ஏறியது. ஒரு சொட்டுத் தண்ணீர் கொதிக்கவில்லை. உச்சியில் திரும்பிப் பார்த்தேன், அவள் சத்தமில்லாமல் கை தட்டினாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தேன்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். அவளைக் கட்டிலில் போட்டு மூக்கில் குழாய் வைத்தார்கள். பார்வை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், தம்பினில் எதைக் காட்டினாய் என்று.

“நந்திலா, அப்புறம், அபாங். திரும்பிப் போறப்போ காட்டறேன். இப்பச் சொன்னா அதுக்கும் கவலைப்படுவே.”

நான் மேலே கேட்கவில்லை. திரும்பிப் போவோம் என்று அவளே சொன்னது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம், நான் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவதற்குள், கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

அதே பலகையில்தான் அவள் உடலைக் கொண்டு வந்தேன். தந்தி கிடைத்து வந்த மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தார். தம்பின் வழியாகத்தான் வரவேண்டும். வேன் எங்கேயும் கொதிக்கவில்லை. ஓரிடத்திலாவது நின்றுவிடாதா என்றிருந்தது.

செட்டிமார் வீடுகளில் போகிக்கு பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போனவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்கள் விரும்பியதையெல்லாம் சமைத்து வைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுவது. அவள் போன பிறகு வந்த முதல் போகிக்கு மாமியார் என்னை உட்காரவைத்து மலாயில் கேட்டார்.

“கடைசியா அவ எதுக்கு ஆசைப்பட்டா? அதை வைக்கணும். நீதானே கூட இருந்தே.”

தெரியாது என்பதை மறைத்து, வாங்கி வருகிறேன் என்றேன். வேனை எடுத்துக்கொண்டு தம்பினுக்குப் போனேன். சந்தியில் வரிசையாகக் கடைகள். ஆப்பம், வாழைக்காய் பஜ்ஜி, பலாச்சுளை, மூங்கிலில் சுட்ட சோறு, உப்பில் போட்ட மாங்காய். எந்தப் பக்கம் கையை நீட்டினாள் என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கினேன். கடைகளுக்கு நடுவே வளையல் விற்கிறவர் ஒருவர் இருந்தார். அவள் காட்டியது தின்பண்டமே இல்லையோ என்று அங்கே நின்றபோது பயம் வந்தது. வளையலும் வாங்கினேன்.

மாமியார் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். பலாச்சுளையில் கை நின்றது.

“இதை அவ தொடமாட்டா.”

“தெரியும், அத்தை.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையும் இலையில் வைத்தார். வளையலை இலையோரம் வைத்தார். சாம்பிராணி போட்டு, அவள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்ததும், வைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். என் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்றையும் விடாமல் சாப்பிட்டேன். எல்லாம் ஆறிப்போயிருந்தது.