பக்கத்து வீட்டுக் கேசட்

எண்பதுகளின் கடைசியில், தர்மபுரியில் டிவியோடு இணைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தேன். எழுதிய புரோகிராமைக் கேசட்டில்தான் பதிய வேண்டும். என் டேப் ரெக்கார்டர் மக்கர் செய்யவே, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவுடையதை வாங்கி வந்தேன். உள்ளே இருந்த கேசட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. அழிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே புரோகிராமை அதிலேயே இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பதிந்தேன்.

கேசட்டை எடுக்க மறந்து ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுத்ததும் அக்கா பட்டனை அழுத்தினார். என் புரோகிராம் ‘கீய்ய்ங்’ என்று ஒரே இரைச்சலாகக் கேட்டது. சவுதியிலிருந்து அவர் கணவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் அது.



"உடுங்க தம்பி, அவரு பேசுனது எனக்கு மனப்பாடமுங்க" என்றவர், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கணவர் இருமிய இடத்தில் தானும் இருமினார்.

நான் பதிந்தது வெறும் எட்டு வரி. பேரைத் தட்டினால் வணக்கம் சொல்லும். அழிந்தே போயிருந்தாலும், திரும்ப எழுத ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.