கேட்காத கணக்கு

கணினித் திரையில் "இந்த மாற்றத்தை அனுமதிக்கலாமா?" என்று பெட்டி எழும்போதெல்லாம் திங்குவோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படிக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். பிறகுதான் 'ஆம்' என்பதை அமுக்குகிறார். போல்ட் அடிக்கும் சத்தத்தில் அவர் படிப்பது அவருக்கே கேட்காது.

காங்ஷானில் என் போல்ட் ஆலையின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாயில் எப்போதும் உப்புப் பிளம் கொட்டை. சர்வர் மேல் பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்று வைத்திருப்பார், சர்வர் மக்கர் பண்ணாமல் இருக்க; எங்கள் ஊர் நம்பிக்கை அது. "தேதி முடிஞ்ச பொட்டலம் வெச்சா அதுக்குக் கோவம் வரும் மொதலாளி."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒற்றை லேத்தில் தொடங்கி இந்த ஆலையைக் கட்டியவன். எனக்கு விளங்காத விஷயம் இந்த ஊரில் இல்லை. நிர்வாகிக் கணக்கு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்றேன்.

"இல்ல மொதலாளி. ஒருத்தன் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் மேஸ்திரி. ஒருத்தன் ஆலைல இருக்கற அத்தனைக்கும் மேல. இன்னொருத்தன் கம்ப்யூட்டரோடயே பொறந்தவன். மேஸ்திரி எதைத் தொட்டாலும் 'செய்யட்டுமா'ன்னு பெட்டி வந்து கேக்கும். கூடப் பொறந்தவனை ஒண்ணும் கேக்காது, சொன்னா முடிஞ்சுது. அதான் அவனைப் பூட்டியே வெச்சிருக்கோம்."

"அப்ப அது நான்தான்!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பெட்டி வந்தால் கை வைக்காமல் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போல்ட் அடிக்கும் டை அச்சுகளுக்கு வரைபடம் போடும் சியூலான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "திங்குவோ, உன் பெட்டி வந்து நிக்குது! மாமியார் மாதிரி எல்லாத்துக்கும் கேள்வி!"

"வர்றேன்க்கா, வர்றேன்."

சோற்று டப்பாவைத் திறந்தாலும் கூப்பாடு. ஒருநாள் திங்குவோ அலுத்துப்போய், கூடப் பிறந்த அந்தக் கணக்கின் பூட்டைத் திறந்து சியூலான் கையில் கொடுத்துவிட்டார். அதன்பின் பெட்டி வரவில்லை. கூப்பாடும் வரவில்லை.

வருடக் கடைசித் துப்புரவில் எல்லோரும் இயந்திரங்களைத் தேய்த்துக் கழுவினார்கள். சியூலான் கணினியையும் சுத்தம் செய்ய நினைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒன்றை இறக்கி ஓடவிட்டார். அது எதையும் கேட்கவில்லை. வரைபடங்கள் இருந்த வட்டையும் நகல் இருந்த வட்டையும் துடைத்துவிட்டது. பாதி ஆயுள் வரைந்தவை. இப்போது பழைய போல்ட்டுகளை வெர்னியரில் அளந்து மறுபடி வரைகிறார்.

"மடச்சி நான்தான்" என்கிறார் சியூலான். "இந்த வருஷத்தோட அக்காவ வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்று ஆலையே பேசியது. திங்குவோ சியூலானின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார், திரும்பி வந்துவிடுவார்.

"பெட்டி மட்டும் வந்திருந்தா அக்கா என்னைக் கூப்பிட்டிருப்பாங்க மொதலாளி" என்றார் என்னிடம்.

"என்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்டப் போய்ச் சொல்லு."

வாயிலிருந்த கொட்டையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

போன வாரம் வருடக் கடைசி விருந்து. முழுக்கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போனது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை வருடமும் அதை என் பக்கமே திருப்பி வைத்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட முதலாளி நான். இம்முறை பரிமாறியவன் விவரம் தெரியாமல் வைத்துவிட்டுப் போனான். கோழி சியூலானைப் பார்த்தது. அவர் தன் குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

நான் கை நீட்டுவதற்குள் திங்குவோ எழுந்துவிட்டார். "பூட்டைத் தொறந்தது நான்க்கா" என்றார். தட்டை இரு கையாலும் பிடித்துச் சுழற்றி, அலகு தன் நெஞ்சுக்கு நேரே வந்ததும் நிறுத்தினார்.