நீலப் பெயின்டுக்கு அடியில்

ட்ரெய்லரில் லைட் எரியவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் பல்பை மாற்றுவார்கள், அடுத்து பியூஸைப் பிடுங்குவார்கள், கடைசியில் வயரிங் செய்தவரைத் திட்டுவார்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் இந்த முதலாளி முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராகத் திட்டவே வந்துவிட்டார்.

திட்டு வாங்கியது டெஸ்டர் அக்கா. கரன்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பைக் காதோரம் சொருகிக்கொண்டே திரிவதால் வந்த பெயர். வயர் கட்டும் கம்பெனியில் ஒன்பது வருஷம் நின்று கால் வீங்கி, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவள். "பொம்பளைக்கு வண்டி வயரிங்கா?" என்று கேட்டவர்களெல்லாம் பிறகு வண்டியோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

முதலாளியின் ஜெனரேட்டர் ட்ரெய்லருக்கு வயர் இழுத்தவள் அவள்தான். அதை பிக்கப்பில் கட்டி இழுப்பது அவள் தம்பி. மூன்று நாளுக்கு முன் அவன் பிரேக் போட்டபோது பின்னால் சிவப்பு எரியவில்லை. ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சர் மோதி, கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"உன் வயரிங் கோளாறுன்னு எழுதி கையெழுத்துப் போடு. நாலு மணிக்கு இன்ஷூரன்ஸ்காரர் வர்றார். போடலேன்னா உன் தம்பிக்கு நாளையிலேர்ந்து வேலை இல்ல."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல்ல வண்டியக் காட்டுங்க சார். அப்புறம் பேனாவை நீட்டுங்க."

முதலாளியின் யார்டுக்குப் போனார்கள். பிளக்கை மாட்டி, தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். சிவப்பு எரிவதற்குப் பதில் எல்லா லைட்டும் சேர்ந்து லேசாகச் சிணுங்கின. சாக்கெட்டில் டெஸ்ட் லாம்பை வைத்தாள், பளிச்சென்று எரிந்தது. கரன்ட் வருகிறது, அது திரும்பிப் போகிற எர்த் வழிதான் இல்லை. பிக்கப்பின் எர்த்திலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து லைட்டின் அடித்தகட்டில் வைத்தாள். பின்பக்கம் முழுக்கச் சிவந்தது.

ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். கரன்ட் தடையில்லாமல் போகட்டும் என்று சட்டத்தை வெறும் இரும்பாகத் தேய்த்து அவள் முறுக்கியிருந்த எர்த் போல்ட் இப்போது நீலமாக இருந்தது. போல்ட்டைக் கழற்றி, இரும்புக்கும் வயர் முனைக்கும் சேர்த்தே கரன்டை விடாத பெயின்டை இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு அழகாகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள் புண்ணியவான்கள்!

"இத யாரு பெயின்ட் அடிக்கச் சொன்னது?"

ட்ரெய்லர் முழுக்க புது நீலத்தின் மேல் முதலாளியின் கம்பெனி பெயர் ஆள் உயரத்துக்குப் பளபளத்தது.

தம்பிதான் மெல்ல வாயைத் திறந்தான். "பெயின்ட் அடிச்சதுலேர்ந்து லைட் மங்குதுன்னு சொன்னேன்க்கா. நீ ஓட்டுற வேலைய மட்டும் பாருன்னுட்டார்."

"சரி விடும்மா, தெரியாம நடந்துபோச்சு." முதலாளியின் குரல் வெண்ணெயாக உருகியது. அவரே எமரி பேப்பரை எடுத்து நீட்டினார். "அதக் கொஞ்சம் சுரண்டி விட்டுடு, அவர் வர்றப்ப லைட் எரிஞ்சா போதும். கடிதமும் வேணாம். டீச்சர்தான் கவனிக்காம வந்து மோதிட்டாங்கன்னு நான் பேசிக்கிறேன்."

படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருத்தியின் தலையில் பழியைக் கட்ட இந்த மனுஷனுக்கு எப்படித்தான் நாக்கு வருகிறதோ!

"சுரண்டிடுக்கா. எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு" என்றான் தம்பி.

பழுதைக் கண்டுபிடித்த பின் சரிசெய்யாமல் எழுந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை பரபரத்தது. ஆனாலும் எமரி பேப்பரை வாங்கவில்லை.

"டேய், பின்னால வந்தவ உன் அக்காவா இருந்தா சுரண்டச் சொல்லுவியா? சார், இன்ஷூரன்ஸ்காரர் வந்து கண்ணால பார்க்கட்டும். அதுக்கப்புறம் நான் காசு வாங்காமலே சரிபண்ணித் தர்றேன்."

"அவர் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நீ எத்தனை நேரம் காவல் காப்பே?" என்று முதலாளி சிரித்தார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு பிக்கப் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து முதலாளியின் கையில் வைத்தான். ட்ரெய்லருக்கு அடியில் நுழைந்து, அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நீ போய் சாப்பிட்டுட்டு வாக்கா" என்றான். "நான் இருக்கேன்."