சல்கின் அக்கா தூக்கிய கை

கிர்கிஸ் நாட்டில், தலாஸ் பள்ளத்தாக்கில் எங்கள் பண்ணை ஊரில் சல்கின் அக்காவின் கணவரை ஜெர்மன் யாகோப் என்றுதான் சொல்வோம். முன்னோர்தான் ஜெர்மானியர்; அவர் பிறந்தது இதே ஊர், டிராக்டர் ஓட்டியது இதே நிலம். கிர்கிஸ் மொழியில் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சோவியத் யூனியன் கலைந்ததும் அவருடைய உறவினர்கள் எல்லோரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர் அம்மா படுத்த படுக்கை. இங்கே சல்கின் அக்காவின் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கணவன் மனைவி இருவரும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்கள். யாகோப் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொள்வது. குளிர்காலத்தில் அம்மாவோடு இருந்துவிட்டு உழவுக்கு வீடு திரும்புவது. அதற்கு இந்த நாட்டுக் குடியுரிமையும் போகாமல் இருக்க வேண்டும்.

1993இன் தொடக்கம். எங்கள் புது நாட்டுக்கு அரசியல் சாசனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் வரைவைப் படித்து விவாதிக்க எங்கள் ஊர் மன்றத்திலும் கூட்டம் போட்டார்கள். அடுப்பெரிக்க நிலக்கரி இல்லை. எல்லோரும் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். பண்ணைத் தலைவர் கச்சிபெக் ஒவ்வொரு பிரிவாக வாசித்தார்.

"நிலம் யாருக்குன்னு போட்டிருக்கு தலைவரே?"

"அரசுக்கு."

"அப்ப அரசே வந்து களை எடுக்கட்டும்!"

சிரிப்பு அடங்கியபோது குடியுரிமைப் பிரிவு வந்தது. இந்த நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டுக்கும் குடிமகனாக இருக்க முடியாது என்று இருந்தது.

சல்கின் அக்கா கையைத் தூக்கினார். பேசுவதற்காக. தலைநகரில் உறுப்பினர்கள் அப்படிக் கை தூக்கிப் பேசுவதை டிவியில் பார்த்திருந்தார். ஆனால் எங்கள் ஊர் மன்றத்தில் எத்தனையோ காலமாகக் கை தூக்கியது ஆதரவு வாக்களிக்க மட்டும்தான். வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்று நினைத்து முன்வரிசை கை தூக்கியது. பின்வரிசையும் தூக்கியது.

"ஒருமனதா ஏத்துக்கிட்டாச்சு" என்று கச்சிபெக் பக்கத்தைத் திருப்பினார்.

"அண்ணே, நான் பேசறதுக்குத் தூக்கினேன்!"

"முதல்ல தூக்கினதே நீதானே தங்கச்சி?"

"வேண்டாம்னு சொல்லத் தூக்கினேன்!"

"வேண்டாம்னா கையைக் கீழேல்ல வச்சிருக்கணும்."

மன்றமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் அக்காவின் கோட்டை இழுத்தாள். "உக்காருடி, குளிர் கொல்லுது. இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கோ."

அக்கா திரும்பிப் பார்த்தார். யாகோபின் கையும் மேலேதான் இருந்தது.

"நீ தூக்கினே," என்றார் அவர், "நானும் தூக்கிட்டேன்."

மறுநாள் அக்கா கச்சிபெக் வீட்டுக்குப் போனார். அவர் கெட்டவர் இல்லை. தேநீர் ஊற்றினார், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைச் சுடச்சுட எடுத்து வைத்தார்.

"கூட்டத்து அறிக்கை தலைநகருக்குப் போயிடுச்சும்மா. போகலேன்னாலும்தான் என்ன? நம்ம ஊரைக் கேட்டுட்டா அவங்க எழுதறாங்க?"

மே மாதம் நாடாளுமன்றம் சாசனத்தை நிறைவேற்றியது. அந்த வரி அப்படியே இருந்தது. நீ பேசியிருந்தாலும் அது மாறியிருக்காது என்று ஆளாளுக்கு அக்காவிடம் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். "பேசியிருந்தா, பேசினேன்னாவது இருக்கும்" என்பார் அக்கா.

இலையுதிர் காலத்தில் யாகோப் ஜெர்மனிக்குப் போய், இந்த நாட்டுக் குடியுரிமையை விட்டு அந்த நாட்டுக் குடிமகனானார். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை விசா எடுத்து வந்தார். நான் பல நாடுகள் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய வசந்தத்திலும் வந்திருந்தார். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அவர்களோடு நானும் போனேன். மேசையில் இருந்தவன் சின்னப் பையன்.

"யார் வீட்ல தங்கறீங்க?"

"நான் கட்டின வீட்ல."

"அப்படியெல்லாம் போட முடியாதுங்க. சுற்றுலாவா, வியாபாரமா, விருந்தாளியா?"

அக்காதான் பதில் சொன்னார்.

"விருந்தாளின்னு போட்டுக்கோ தம்பி. சீக்கிரம் விடு, வீட்ல அப்பா தனியா இருக்காரு."

"எத்தனை நாள்?"

"உழவு முடியற வரைக்கும்" என்றார் யாகோப்.

பையன் ஒரு மாதம் என்று எழுதி முத்திரை குத்தினான். அந்த வருடம் ஒரு மாதம் முடிந்து அவர் கிளம்பிய நாளிலும் வயலில் பனி உருகவில்லை.